ஒரிஜினல் இல்லாமல் வந்தவள்

கணிதத் துறையின் சேர்க்கைக் குழுவில் இந்த வருஷம் உங்கள் பெயர்களைப் போட்டிருக்கிறார்களாம். வாழ்த்துச் சொல்ல மாட்டேன். நன்றாக மாட்டிக்கொண்டீர்கள் என்றுதான் சொல்வேன். தாள் திருத்துவது, டைம்டேபிள் போடுவது எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எதிரே வந்து உட்காருகிற ஒரு பிள்ளையின் அடுத்த பத்து வருஷத்தை, டீ ஆறுவதற்குள் நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதனால் பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நன்றாகப் பயப்படுங்கள். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஜூன் மாதமும் பயந்துகொண்டேதான் அந்த அறைக்குள் போனேன்.

"உங்களுக்கு என்ன மேடம் பயம், எத்தனை வருஷ சர்வீஸ்" என்று கேட்பீர்கள். அடப் போங்கள். சர்வீஸ் ஏற ஏறப் பயமும் ஏறும். எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்று அப்போதுதான் தெரிய ஆரம்பிக்கும்.

ஒரே ஒரு வருஷத்துக் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பேங்குகள் விழுந்து, அந்தச் சத்தம் நம் ஊர் ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஹைடெக் சிட்டிவரை கேட்ட காலம். அதற்கு முன்னாலெல்லாம் எங்கள் துறைக்கு ஆள் பிடிக்கப் படாதபாடு படுவோம். பட்டம் வாங்கிய கையோடு எல்லாரும் கம்பெனிக்கு ஓடிவிடுவார்கள். மிச்சம் மீதிதான் நமக்கு என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வோம். அந்த வருஷம் எல்லாம் தலைகீழ். கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டன, எங்கள் வராந்தாவில் நிற்க இடமில்லை. முதுகலையும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு, அதுவும் உதவித்தொகையோடு. இடங்களோ ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு கூத்து நடந்திருந்தது. ஒரு பையன் அச்சு அசலாக மதிப்பெண் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்து சேர்ந்துவிட்டான். பாதி வருஷம் போன பிறகுதான் அது கலர் பிரின்டரில் பிறந்தது என்று தெரிந்தது. போலீஸ் வந்தது, விசாரணை வந்தது. எங்கள் குழுத் தலைவர் பாவம், பிஞ்சு மனசுக்காரர். ஏதோ ஒரு கமிட்டி முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. அன்றைக்குப் போட்டதுதான் அந்த ரூல்: ஒரிஜினல் சான்றிதழைக் காட்டாமல் யாரும் நேர்முகத்துக்கு உள்ளே போகக் கூடாது. வாசலில் மேஜை போட்டு எங்கள் ஆபீஸ் சையத் பாயை உட்கார வைத்துவிட்டோம். "ஒரிஜினல் நை தோ அந்தர் நக்கோ" என்று ஒரே பாட்டு. ஒரிஜினல் இல்லையா, உள்ளே வேண்டாம். அவ்வளவுதான்.

அந்த மேஜைக்கு முன்னால்தான் செல்வராணி நின்றுகொண்டிருந்தாள். சையத் பாய் வந்து என்னைக் கூப்பிட்டார். "மேடம், ஆப்கி தமிழ் லட்கி. ரோ ரஹி." உங்கள் தமிழ்ப் பெண் அழுகிறாள் என்று அர்த்தம். செகந்திராபாதில் மூன்று தலைமுறையாக இருக்கும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மட்டும் சுத்தத் தமிழ், மற்ற நாளெல்லாம் கலவைதான். ஆனாலும் யூனிவர்சிட்டியில் எந்தத் தமிழ்ப் பிள்ளை அழுதாலும் என் கணக்கில்தான் எழுதுவார்கள்.

கோவில்பட்டிப் பெண். அப்பா பஸ் கண்டக்டர். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, பேகம்பேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, கொண்டாப்பூரில் ஹாஸ்டல். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரலே வெளுத்துப் போயிருந்தது.

"ஒரிஜினல் எங்கம்மா?"

"கம்பெனில இருக்கு மேடம். சேரும்போதே வாங்கி வச்சுக்கிட்டாவ. பாண்டு முடியுற வரைக்கும் தர மாட்டாவளாம்."

இப்போது உங்களுக்கு இது விநோதமாக இருக்கும். அப்போது ஊரில் இது சாதாரண வழக்கம். சின்னக் கம்பெனிகள் புதுசாக வருகிற பிள்ளைகளிடம் ரெண்டு வருஷத்துக்கு எழுதி வாங்கிக்கொள்ளும். ஓடிப் போகாமல் இருக்கப் பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் எல்லா ஒரிஜினலையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடும். பிள்ளைகளும் வேலை கிடைத்த சந்தோஷத்தில் கொடுத்துவிடுவார்கள். நகையை அடகு வைக்கும்போதுகூட நாலு பேரைக் கேட்போம், இதற்கு யாரும் யாரையும் கேட்கவில்லை.

"கேட்டுப் பாத்தியா?"

"பாஸ்போர்ட்டுக்குன்னு கேட்டேன். ஜெராக்ஸ் போதும்னுட்டாவ. இங்க வந்திருக்கேன்னு தெரிஞ்சா வேலையும் போயிரும், சர்டிபிகேட்டும் போயிரும். நான் பொய் சொல்லுதேன்னு நெனச்சுராதீங்க மேடம்."

அப்படித்தான் நினைத்தேன். முந்தைய வருஷத்துப் பையனும் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். ஆனால் இன்னொரு விஷயம் சொன்னாள். அதே வாரத்தில் வடக்கே பெரிய பெயருள்ள ஓர் இடத்திலிருந்தும் அவளுக்கு நேர்முக அழைப்பு வந்திருந்தது. லீவு கிடைத்தது ஒரே இடத்துக்குத்தான். இங்கே வந்துவிட்டாள்.

"ஏன்? அது நம்மளைவிடப் பெரிய இடமாச்சே."

"பேரு பெருசுதான் மேடம். ஆனா எனக்குப் பிடிச்சது அனலிசிஸ். அங்க அதுக்கு ஒரே ஒருத்தர்தான், அவரும் ரிட்டயராகப் போறாராம். இங்க நாலு பேர் இருக்கீங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிக்கிடவும் செய்வீங்கன்னு உங்க செமினார் நோட்டீஸைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன். எங்கே சேருவது என்று கேட்டு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பெயரைத்தான் பார்ப்பார்கள், ரேங்கைப் பார்ப்பார்கள். யாரிடம் படிக்கப் போகிறோம், அவர் பாதியில் போய்விட்டால் அடுத்து யார் என்று யோசித்து வந்த பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. உள்ளே போய்த் தலைவரிடம் சொன்னேன். நேர்முகம் மட்டும் நடக்கட்டும், தேறினால் சேரும் நாளன்று ஒரிஜினல் காட்டட்டும், காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

தலைவர் தெலுங்குக்காரர், சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். "ஏமண்டி, போன வருஷம் நான் நின்ன இடத்துல இந்த வருஷம் நீங்க நிப்பீங்களா?" என்றார்.

"நிக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

நேர்முகத்தில் தலைவரிடம் ஒரு பழக்கம் உண்டு. தப்பான ஒன்றைச் சொல்லி, "இதை நிரூபி" என்பார். அந்த வருஷம் அவர் எடுத்தது இது: ரெண்டு எண்ணைக் கூட்டிப் போட்டாலும், தனித்தனியாகப் போட்டுக் கூட்டினாலும் ஒரே விடை தருகிற சார்பு எல்லாமே நேர்கோடுதான். முழு எண்களுக்கு நிரூபித்துவிடலாம். பின்னங்களுக்கும் சுலபமாக வரும். ரூட் ரெண்டு மாதிரி எண்கள் வரும்போது பாதை நின்றுவிடும். வேறு ஒரு நிபந்தனை இல்லாமல் அங்கே தாண்டவே முடியாது. கோச்சிங்கில் பழகிய பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் ஒரே எட்டில் தாண்டி, கீழே கோடு போட்டு, "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்று காலையிலிருந்து எல்லாரும் தாண்டியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும், நல்ல மதிப்பெண், படு சூட்டிகை, தாண்டும்போது ஒரு நொடி தயங்கிவிட்டுத் தாண்டினான்.

செல்வராணி பலகைக்கு முன்னால் போனாள். சாக்பீஸ் ரெண்டு தடவை கீழே விழுந்தது. முழு எண் முடிந்தது, பின்னம் முடிந்தது, ரூட் ரெண்டு என்று எழுதினாள். நின்றுவிட்டாள். ஏதாவது எழுதேன் பெண்ணே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"மேலே போங்கம்மா" என்றார் தலைவர்.

"இதுக்கு மேல எப்படிப் போறதுன்னு தெரியல சார்."

"மத்தவங்க எல்லாம் போயிட்டாங்களே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்க எப்படிப் போனாங்கன்னு தெரியல சார். நான் போனா அது பொய்யாப் போயிரும்."

தலைவர் எழுந்துபோய்ப் பலகையைத் தானே துடைத்தார். யாருக்கும் அவர் அதைச் செய்ததில்லை. மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்துப் பட்டியல் ஒட்டியபோது கடைசி இடம் செல்வராணிக்கு. அவள் பெயருக்குப் பக்கத்தில், சேரும் நாளன்று அலுவலகம் மூடுவதற்குள் ஒரிஜினல் காட்ட வேண்டும் என்று ஒரு குறிப்பு. காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர், தயங்கித் தாண்டிய அந்தப் பையனுடையது.

சேரும் நாளுக்கு முந்தின நாள் காலை செல்வராணியிடமிருந்து போன் வந்தது. நான் அப்போதுதான் இட்லியில் கை வைத்திருந்தேன்.

"மேடம், கம்பெனிக் கதவுல பூட்டு. போர்டக் காணோம். முதலாளி போன் எடுக்க மாட்டேங்காரு."

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். பேகம்பேட்டில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஒரு மூன்று மாடிக் கட்டடம். படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே வயது, எல்லார் கழுத்திலும் ஒரே அடையாள அட்டை. சம்பளத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "சர்டிபிகேட்", "சர்டிபிகேட்" என்றுதான் தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் கேட்டுக்கொண்டிருந்தது. பீரோவை ராத்திரியே ஏற்றிவிட்டார்கள் என்றான் ஒருவன். எரித்துவிட்டார்கள் என்றான் இன்னொருவன். ஒரு பெண் சுவரோடு சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவு பேரின் பயமும் அந்தப் படிக்கட்டில் வாடையாகவே அடித்தது.

பூட்டை உடைக்கலாம் என்று நாலைந்து பேர் கிளம்பினார்கள். செல்வராணியும் அவர்களோடு எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உடைச்சா கேஸ் உன் பேர்ல விழும். உள்ள ஒரு கம்ப்யூட்டர் குறைஞ்சாலும் நீதான் திருடின்னு ஆகும். நக்கோ. உட்காரு."

கட்டடக்காரர் மாடியில் இருந்தார், மாற்றுச் சாவியும் வைத்திருந்தார், ஆனால் திறக்கவே மாட்டேன் என்றார். "நான் திறந்தா நான் தூக்கிட்டேன்னு சொல்வாங்க" என்று அவருக்குப் பயம். "கைக்கு டர்தே மியா, ஏன் பயப்படறீங்க, போலீஸை வெச்சுத் திறங்களேன்" என்று என் செகந்திராபாத் பாஷையில் அரை மணி நேரம் மன்றாடினேன். போலீஸ்காரருக்கும் வேறொரு பயம், மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்று. அங்கே பயப்படாத ஆள் ஓடிப்போன முதலாளி மட்டும்தான். கடைசியில் கான்ஸ்டபிள் முன்னிலையில் கதவு திறந்தது.

பீரோ இருந்தது. திறந்தேதான் இருந்தது. உள்ளே நாலு டீக் கப்பும், இன்னும் யார் கழுத்திலும் போடாத அடையாள அட்டை நாடாக்கள் ஒரு கட்டும் கிடந்தன. வேறொன்றும் இல்லை.

யாரோ ஒரு பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. செல்வராணி அழவில்லை. பீரோவின் கீழ்த் தட்டைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். "பத்தாங்கிளாஸ்ல இருந்து எல்லாமே இதுல தான் மேடம் இருந்துச்சு. எங்கப்பாட்ட நான் என்ன சொல்லுவேன்?"

கீழே இறங்கும்போது அவளோடு வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பையன் எங்கள் கூடவே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "செல்வா, எனக்கு ஒரு ஆளைத் தெரியும். ஜெராக்ஸ் குடுத்தாப் போதும். நாளைக்குக் காலைல ஒரிஜினல் மாதிரியே கைல வரும், வாட்டர்மார்க்கோட. நம்ம வாங்கின மார்க்கைத்தானே போடப் போறோம்? இல்லாததையா போடறோம்? நான் எனக்குச் செய்யப் போறேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவன் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று சட்டென்று சொல்லிப் பாருங்கள். பட்டம் நிஜம், மதிப்பெண் நிஜம். திருட்டுக் கொடுத்ததும் அவர்கள்தான். மறுநாள் சாயங்காலத்துக்குள் காட்டாவிட்டால் இடம் போய்விடும். வடக்கே இருந்த இன்னொரு இடத்தையும் எங்களை நம்பி விட்டுவிட்டு வந்தவள். வேலையும் அன்று காலைதான் போயிருந்தது. "அது வேண்டாம்மா" என்றேன். அவளோ அவன் நீட்டிய அந்த ஆளின் போன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற வழி பாப்போம். நாளைக்குக் காலைல நீ துறைக்கு வா. அப்பாவை உங்க யூனிவர்சிட்டி பரீட்சை ஆபீசுக்குப் போய் உக்காரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆட்டோவில் திரும்பும்போது ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. அவளுக்காக நான் நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். அவள் அந்தக் காகிதத்தோடு வந்தால் என்ன செய்வேன்? பீரோ காலியாக இருந்ததைப் பார்த்தது குழுவில் நான் ஒருத்திதான். சொன்னால் அவள் போலீசுக்குப் போவாள். சொல்லாவிட்டால் காலம் முழுக்க நான் அதைச் சுமக்க வேண்டும்.

மறுநாள் வராந்தாவில் கூட்டம். காத்திருப்போர் வரிசையின் முதல் பையனும் அவன் அப்பாவும் காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மடியில் பளபளவென்று ஒரு ஃபைல். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார்கள். மதியத்துக்குப் பிறகுதான் செல்வராணி வந்தாள். கையில் பழுப்பு நிறக் கவர்.

எழுந்து போய் அவளைத் தடுத்துவிடலாம் என்று பார்த்தால், தலைவர் சையத் பாயின் மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். சையத் பாய் கையை நீட்டினார். "ஒரிஜினல்?"

அவள் கவரைத் திறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒரிஜினல் இல்ல பாய்" என்றாள். "ஜெராக்ஸும், நேத்து போலீஸ்ல குடுத்த கம்ப்ளெயின்ட் காப்பியும்தான் இருக்கு."

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் உட்கார்ந்திருக்க நேரம் ஏது? தலைவர் என்னைப் பார்த்தார். "ஏமண்டி, ரூல்?"

"சார், இந்த ரூலை நாம எதுக்குப் போட்டோம்?"

"தெரிஞ்சதுதானே."

"பொய்க் காகிதத்துக்குப் பயந்து போட்டோம். இவ பொய்க் காகிதம் கொண்டு வரல. காகிதமே கொண்டு வரல."

"காகிதம் இல்லன்னா அது நிஜம்னு ஆயிடுமா?"

"ஆகாது. பட்டம் குடுத்தவங்க இருக்காங்களே, அவங்களையே கேப்போம். காகிதம் பேசுறதைவிட அவங்க பேசுறது மேல் இல்லையா?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது பார்த்துச் செல்வராணியின் மொபைல் அடித்தது. அவள் அப்பா. மகள் படித்த யூனிவர்சிட்டியின் பரீட்சை ஆபீசில் காலையிலிருந்து நிற்கிறார். ஃபேக்ஸ் போகவில்லையாம், எங்கள் பக்கம் கரண்ட் இல்லாததால் எங்கள் மெஷின் செத்துக் கிடந்தது. "ஆபீசர் பக்கத்துல நிக்காரு சார், பேசுதேங்காரு" என்று போனைத் தலைவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "இந்த போன்ல பேச மாட்டேன்."

அவள் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. எனக்கே கோபம் வந்துவிட்டது. என்ன மனுஷன் இவர் என்று நினைத்தேன். ஆனால் அவர் நேராகத் தன் அறைக்குப் போய், லேண்ட்லைனை எடுத்து, தொலைபேசி விசாரணை எண்ணில் அந்த யூனிவர்சிட்டியின் எண்ணைத் தானே கேட்டு எழுதிக்கொண்டார். "அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு நான் பாக்க முடியாது. எந்தக் கதவைத் தட்டறேன்னாவது நான் பாக்கணும் இல்லையா?" என்றார். நியாயம். கோபம் இறங்கிவிட்டது, பயம் ஏறிவிட்டது. அங்கே ஆபீஸ் மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. ஜன்னல் வழியாகப் பெஞ்சில் அந்த அப்பாவும் பையனும் தெரிந்தார்கள். அந்தப் பையனும் எங்களைப் போலத்தான், வாட்சைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தான். அங்கே மணி அடித்தால் அவனுக்குக் கஷ்டம், அடிக்காவிட்டால் இவளுக்குக் கஷ்டம்.

லைன் கிடைத்தது. ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாற்றினார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு குரல் பதிவேட்டைப் பார்த்து வாசிக்க, தலைவர் ஜெராக்ஸில் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். டிக், டிக், டிக். நின்றுவிட்டார்.

"அறுபத்தெட்டா? இங்க எண்பத்தொண்ணு இருக்கே."

செல்வராணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் என் கண்ணில் சந்தேகம் தெரிந்துவிடும். தலைவர், "ரோல் நம்பரோட இன்னொரு தடவை படிங்க சார்" என்றார், மெதுவாக. அந்தப் பக்கத்தில் காகிதம் புரளுகிற சத்தம் எனக்கே கேட்டது. அங்கே இருந்தவர் அடுத்த வரியைப் படித்திருக்கிறார். எண்பத்தொன்றுதான்.

டிக்.

தலைவர் ஒரு தாளில், தான் எந்த எண்ணுக்குப் போன் செய்தார், யார் பேசினார், என்ன சொன்னார் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை வைத்த கடிதம் பின்னால் வர வேண்டும், அதுவரை தற்காலிகச் சேர்க்கை. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். "நிக்கறேன்னு சொன்னீங்களே. கூட நில்லுங்க." நானும் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே போய்ச் சொல்கிற வேலை எனக்கு வந்தது. பையனின் அப்பா எழுந்து நின்றார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. "ஆ அம்மாயிகி ஒரிஜினல் லேது. மா வாடிகி அன்னி உன்னாயி கதா மேடம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு ஒரிஜினல் இல்லை, எங்கள் பையனிடம் எல்லாம் இருக்கிறதே என்று. பையன் தெரியாத இடத்தைத் தாண்டினான், அவள் நின்றாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "சாரி அண்டி" என்று மட்டும் சொன்னேன். பையன் ஃபைலை மூடி, அப்பாவின் தோளைத் தொட்டு, "பதா நான்னா", போகலாம்ப்பா, என்று கூட்டிக்கொண்டு போனான். நல்ல பையன். எங்கேயாவது நன்றாக வந்திருப்பான். ஒருவர் சந்தோஷமாகச் சேருகிற எந்த வருஷமும் இன்னொருவர் அந்த வராந்தாவில் நடந்து போகிற வருஷம்தான். அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

முத்திரைக் கடிதம் ஒழுங்காக வந்தது. ஒரிஜினல்கள் வரவேயில்லை. செல்வராணி ஒவ்வொரு பரீட்சை போர்டு ஆபீசாக ஏறி இறங்கி, நகல் என்று முத்திரை போட்ட சான்றிதழ்களை வாங்கினாள். போனில் ஆளைப் பிடித்துப் போலிச் சான்றிதழ் செய்துகொண்ட அந்தத் தமிழ்ப் பையனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. பின்னணி விசாரணையில் காகிதத்தை அனுப்பி யூனிவர்சிட்டியையே கேட்டார்கள். மதிப்பெண் எல்லாம் சரி, காகிதம் எங்களுடையது இல்லை என்று பதில் வந்தது. நிஜமாகவே படித்து வாங்கின பட்டத்துக்காக அவனை வெளியே அனுப்பினார்கள். அவனை நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும். அவனும் அன்று அந்தப் படிக்கட்டில் பயந்துகொண்டு நின்றவன்தானே.

நான் ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து, ஒரு ஜூன் மாதம் போன் வந்தது. செல்வராணி இப்போது வேறொரு ஊரில் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த வருஷம்தான் அவளைச் சேர்க்கைக் குழுவில் போட்டிருந்தார்கள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன், துப்பட்டா நுனி விரலில் சுற்றியிருக்கிறது.

"மேடம், ஒரு பையன் ஒரிஜினல் இல்லாம வந்து நிக்கான். என்னமோ வெள்ளத்துல போயிருச்சுங்கான். நிஜமான்னு தெரியல. பயமா இருக்கு."

"யாருக்கு? அவனுக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் மேடம்."

"அப்ப சரி. அவனை உள்ள கூப்பிட்டு உக்கார வை. தண்ணி குடு. அவன் தர்ற போன்ல பேசாத, நம்பரை நீயே தேடி எடு."

"எடுத்துட்டேன் மேடம்" என்றாள். "எங்கேஜ்டா இருக்கு. அதான் அதுவரைக்கும் உங்களுக்கு அடிச்சேன்."